கணவரைத் தொடர்ந்து கடல் கடக்கும் கருவுற்ற தாய்மார்: விசா, காப்பீடு, மருத்துவம்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் முதலிய சுற்றுப்புற ஊர்களிலும் நடைபெறும் திருமணங்களில், மணமகன் வெளிநாட்டில் பணிபுரிபவராக இருப்பது இன்று இயல்பாகிவிட்டது. ஒரு மாத விடுப்பில் வந்து மணம் முடித்துக்கொண்டு அவர் முதலில் திரும்பிவிடுகிறார். மனைவி, விசா கிடைத்த பின்னர் தனியே புறப்படுகிறார். செவிலியராகப் பணிபுரியும் மனைவி முன்னே செல்ல, கணவர் பின்னே செல்வதும் உண்டு. இந்த இடைவெளியிலேயே பலர் கருவுறுகின்றனர். அப்போது எங்கள் மகப்பேறு பிரிவுக்கு வரும் தாய்மாரும் அவர்தம் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே: விசாவுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா? எந்த மாதம் வரை விமானத்தில் போகலாம்? அங்கே பிரசவச் செலவை யார் ஏற்பார்கள்? தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவது நல்லதா?

இக்கேள்விகளுக்கு மருத்துவ விடை மட்டும் போதாது. விசா விதியும் காப்பீட்டு விதியும் மருத்துவத்தோடு பின்னிக் கிடக்கின்றன. இம்மூன்றையும் ஒருசேர விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நாட்டு அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது கட்டாயம்.

முதற்பகுதி: மூன்று நாட்காட்டிகள்

கருவுற்ற நிலையில் வெளிநாடு செல்லும் ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று நாட்காட்டிகளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. முதலாவது கர்ப்பத்தின் வாரக் கணக்கு. இரண்டாவது விசாவின் கணக்கு. மூன்றாவது காப்பீட்டில் சேர்வதற்கான கெடு. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. விசா தாமதமானால் வயிற்றில் வளரும் குழந்தை தாமதிக்காது. குழந்தை பிறந்துவிட்டால் காப்பீட்டின் கெடு நீளாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கடைசி மாதவிடாய் ஜனவரி 5 அன்று தொடங்கியதாகக் கொள்வோம். அந்நாளிலிருந்து 280 நாள்களைக் கூட்டினால் பிரசவத்துக்கு எதிர்பார்க்கப்படும் நாள் அக்டோபர் 12. இதே கணக்கில் 12 வாரம் நிறைவது மார்ச் 30. 20 வாரம் மே 25. 28 வாரம் ஜூலை 20. 36 வாரம் செப்டம்பர் 14. முதல் ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள்ளும், குழந்தையின் உறுப்புகளை ஆராயும் ஸ்கேன் 18 முதல் 21 வாரத்துக்குள்ளும் செய்யப்பட வேண்டும். ஆகவே இந்தத் தாய்க்குப் பயணத்துக்கு மிகவும் ஏற்ற காலம், உறுப்பு ஸ்கேன் முடிந்த மே மாத இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை எனலாம். விசா ஆகஸ்டில்தான் கிடைக்கும் என்றால், அப்போது செல்வதா, இங்கேயே பிரசவித்துப் பின்னர் செல்வதா என்பதை மார்ச் மாதத்திலேயே குடும்பத்தார் கூடிப் பேசிவிட வேண்டும். ஆகஸ்டில் பேசத் தொடங்கினால் தெரிவு செய்ய வழி எதுவும் மிஞ்சியிராது.

எங்களிடம் வரும் ஒவ்வொருவரையும், இத்தகைய நாட்காட்டி ஒன்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஒரு பக்கம் வாரங்கள், மறுபக்கம் விசா, காப்பீடு பற்றிய நாள்கள். கணவரிடமும் அதன் படி ஒன்று இருக்கட்டும்.

இரண்டாம் பகுதி: புறப்படுமுன் செய்ய வேண்டியவை

திருமணப் பதிவு: தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 இன்படி, எம்மதத்தவராயினும் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும், இயல்பான கெடு 90 நாள். ஆனால் கணவரின் விடுப்பு 30 நாளே என்பதை மறக்கலாகாது. அவர் விமானம் ஏறுமுன்பே பதிவை முடித்துவிடுவது பல மாத அலைச்சலைத் தவிர்க்கும். துணைவர் விசாவுக்கும், வெளிநாட்டுக் காப்பீட்டில் மனைவியின் பெயரைச் சேர்ப்பதற்கும் இச்சான்றிதழே அடிப்படை. சில நாடுகள் இதற்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பத்தையும் கேட்கும். ஐக்கிய அரபு அமீரகத்துக்குச் செல்வோர் அமைச்சகத்தின் ஒப்பத்தோடு அந்நாட்டுத் தூதரகத்தின் ஒப்பத்தையும் பெற வேண்டும்.

பெயர்: நம்மவருக்கு நேரும் பெரும் சிக்கல் இதுவே. தந்தையின் பெயர் முதலெழுத்தாக ஆதாரில் ஒரு விதமாகவும், விரிவாகப் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும், திருமணத்துக்குப்பின் கணவரின் முதலெழுத்தோடு மருத்துவமனைச் சீட்டில் மற்றொரு விதமாகவும் இருக்கும். இந்த மூவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும்; வெளிநாட்டு மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரியாது. திருமணமானதால் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. எந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளதோ, அதே பெயரை அதே எழுத்துக்கூட்டலில் மருத்துவப் பதிவுகளிலும் எழுதித் தருமாறு கேளுங்கள். பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டின் நகலை எங்களிடம் காட்டினால் அவ்வாறே எழுதித் தருகிறோம்.

மார்பு எக்ஸ்ரே: பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கச் செல்லும் இந்தியர், விசாவுக்கு முன் காசநோய்ப் பரிசோதனைச் சான்று பெற வேண்டும். அந்நாடு ஏற்றுக்கொண்ட மையங்களில் பெறும் சான்று மட்டுமே செல்லும். அது ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும். அமெரிக்காவில் நிலையாகக் குடியேறும் விசாவுக்கும் மார்பு எக்ஸ்ரே உண்டு. கருவுற்றோர் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மார்பு எக்ஸ்ரேயில் கருப்பையை அடையும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேக்கு மேற்படுவதில்லை. 50 மில்லிகிரேக்குக் குறைவான கதிர்வீச்சால் கருவுக்கு ஊறு நேர்ந்ததாகச் சான்றில்லை. இரண்டுக்கும் இடையே ஐயாயிரம் மடங்கு வேறுபாடு உள்ளது. இருந்தும் தேவையற்ற கதிர்வீச்சைத் தவிர்ப்பது நன்று என்பதால், கருவுற்றிருப்பதை முன்னரே மையத்தில் தெரிவியுங்கள். வயிற்றை ஈயக் கவசத்தால் மூடி எடுப்பது, சளிப் பரிசோதனை செய்துகொள்வது, பிரசவத்துக்குப்பின் எடுத்துக்கொள்வது ஆகிய வழிகள் நாட்டுக்கும் விசாவின் வகைக்கும் ஏற்ப உண்டு. சளிப் பரிசோதனையின் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கருவுற்றிருப்பதை மறைத்து எக்ஸ்ரே எடுப்பது மட்டும் வேண்டாம்.

தடுப்பூசி: தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியும், சின்னம்மைத் தடுப்பூசியும் உயிருள்ள கிருமியால் ஆனவை. கர்ப்ப காலத்தில் போடலாகாது. குடியேற்ற மருத்துவப் பரிசோதனையில் கருவுற்றோருக்கு இவற்றிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. திருமணம் நிச்சயமானவுடனே, கருவுறுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாக, இவற்றைப் போட்டுக்கொள்வது நல்லது.

மருத்துவக் கோப்பு: வெளிநாட்டு மருத்துவர் உங்களை முதன்முறையாகக் காணும்போது, இங்கு நடந்த அனைத்தும் அவருக்குத் தெரிய வேண்டும். இரத்த வகை, ஆர்.எச். எதிர்மறையாயின் ஆன்டி-டி ஊசி போட்ட நாள், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி ஆகியவற்றின் முடிவுகள், ஸ்கேன் அறிக்கைகள், முந்தைய அறுவை சிகிச்சையின் விவரம், போட்ட தடுப்பூசிகள் அனைத்தும் ஒரே கோப்பில் இருக்கட்டும். முதல் ஸ்கேனின் அறிக்கை தவறாது வேண்டும். கர்ப்பத்தின் வயதை மிகச் சரியாகக் காட்டுவது அதுவே. மருந்துகளின் வணிகப் பெயர் அங்கே பயன்படாது. வேதிப் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். வலி மருந்துகளுள் கோடீன், டிரமடால் போன்றவை அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. உள்ளடக்கம் அறியாத பேறுகால லேகியங்களைப் பெட்டியில் வைக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருப்பதுண்டு.

அளவைகள் வேறுபடுவதையும் அறிந்திருக்க வேண்டும். இங்கே சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் சொல்கிறோம். பிரிட்டன் முதலிய நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோலில் சொல்வார்கள். நமது எண்ணை 18 ஆல் வகுத்தால் அவர்களது எண் கிடைக்கும்; நமது 140 அவர்களது 7.8. தமிழகத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுக்கும் முறை பரவலாக உள்ளது. அமெரிக்காவில் 50 கிராமில் தொடங்கும் இருபடி முறை வழக்கம். ஆகவே இங்கே எடுத்த சோதனையை அங்கே மீண்டும் எடுக்கச் சொன்னால் ஐயுற வேண்டாம்.

மூன்றாம் பகுதி: செலவை யார் ஏற்பர்?

இந்தியாவில் வாங்கும் பயணக் காப்பீடு பேறுகாலச் செலவை ஏற்கும் என்று எண்ணிச் செல்வோர் பலர். பொதுவாக அது ஏற்பதில்லை. திடீர் விபத்துக்கும் நோய்க்குமே அது உரியது. நாடுதோறும் ஏற்பாடு வேறு என்பதால் நம் மக்கள் மிகுதியாகச் செல்லும் நாடுகளைத் தனித்தனியே காண்போம்.

பிரிட்டன்: துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே குடியேற்ற நலக் கட்டணம் செலுத்த வேண்டும். 2024 பிப்ரவரி 6 முதல் வயது வந்தோருக்கு இது ஆண்டுக்கு 1,035 பவுண்டு. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு 776 பவுண்டு. மூன்றாண்டு விசா எனில் மனைவிக்கு 3,105 பவுண்டு முன்பணமாகக் கட்ட வேண்டும். கட்டிய பின் தேசிய நலச் சேவையின் மகப்பேறு மருத்துவம் முழுவதும் கட்டணமின்றிக் கிடைக்கும். நலப் பணியாளர் விசாவில் உள்ள செவிலியர், மருத்துவர் முதலியோரும் அவர்தம் துணைவரும் இக்கட்டணத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள். விசாவில் ‘பொது நிதியுதவி இல்லை’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு சிலர் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குகின்றனர். தேசிய நலச் சேவை அந்தப் பொது நிதியுதவிப் பட்டியலில் சேராது. அங்குப் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே வட்டார மருத்துவரிடம் பதிவு செய்து, மருத்துவச்சியிடம் முதற்பதிவு கேளுங்கள். பத்து வாரத்துக்குள் முதற்பதிவு நடைபெற வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப்பின் ஓராண்டு வரையிலும் மருந்துச் சீட்டுக் கட்டணத்துக்கு விலக்குச் சான்றும் உண்டு.

பார்வையாளர் விசாவில் சென்று அங்கே பிரசவிப்போரிடம் சேவையின் அடக்கவிலையில் ஒன்றரை மடங்கு வசூலிக்கப்படும். ஆனால் பணம் இல்லை என்பதற்காக மகப்பேறு மருத்துவத்தை மறுக்கவோ தாமதிக்கவோ அம்மருத்துவமனைகளுக்கு அனுமதி இல்லை. கட்டணச் சீட்டு பின்னர் வரும். 500 பவுண்டுக்கு மேற்பட்ட நிலுவை அடுத்த விசாவைப் பாதிக்கலாம் என்பதால், தவணை முறையில் கட்ட மருத்துவமனையோடு எழுத்துமூலம் பேசிவைப்பது அவசியம்.

அமெரிக்கா: எச்-1பி பணியாளரின் மனைவி எச்-4 விசாவில் செல்கிறார். காப்பீடு பெரும்பாலும் கணவரின் நிறுவனத்தின் வழியே வருகிறது. இங்கே கெடுதான் உயிர்நாடி. திருமணத்தை முன்னிட்டு மனைவியைச் சேர்க்க நிறுவனக் காப்பீடுகள் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். பல நிறுவனங்கள் அந்த 30 நாளோடு நிறுத்திவிடும். மனைவி நான்கு மாதம் கழித்து அமெரிக்கா வந்து சேரும்போது அவகாசம் முடிந்திருக்கலாம். வந்து சேர்ந்த நாளையும் தனிக் காரணமாக ஏற்கும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே திருமணமான வாரத்திலேயே கணவர் தம் மனிதவளப் பிரிவில் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு விடை பெற வேண்டும்: மனைவியை எந்த நாளுக்குள் சேர்க்க வேண்டும்? காப்பீடு எந்த நாள் தொடங்கும்? நிறுவன வழி அடைபட்டால், சட்டபூர்வமாக வந்து சேர்ந்தோர் 60 நாளுக்குள் அரசின் காப்பீட்டுச் சந்தையில் சேரலாம். 2014 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஏற்கெனவே கருவுற்றிருக்கிறார் என்று காரணம் காட்டி முறையான காப்பீடுகள் மறுக்க இயலாது. குறுகிய காலக் காப்பீட்டுக்கும் பார்வையாளர் காப்பீட்டுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. மலிவாக உள்ளதென்று அவற்றை நம்பிப் போகாதீர்கள்.

அங்கே காப்பீடு இருந்தாலும் குடும்பம் தன் கையிலிருந்து ஒரு பகுதியைக் கட்ட வேண்டும். முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, அதற்குமேல் உங்கள் பங்கு எத்தனை விழுக்காடு, ஆண்டுக்கு உச்சவரம்பு என்ன என்னும் மூன்று எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர், மருத்துவமனை இரண்டும் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ளனவா என்பதையும் தனித்தனியே உறுதி செய்யுங்கள். குழந்தை பிறந்தபின் 30 நாளுக்குள் அதன் பெயரைச் சேர்த்தால், பிறந்த நாள் முதலே காப்பீடு பொருந்தும். இந்தக் கெடுவைத் தாயின் களைப்பிலும் இரவு விழிப்பிலும் தவறவிடுவோர் உண்டு. அதனால் பிரசவத்துக்கு முன்பே படிவத்தை நிரப்பி வைத்துவிடுங்கள்.

கணவரின் வேலை போய்விட்டால் பொதுவாக 60 நாள் வரை நாட்டில் தங்க அவகாசம் உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனமாயின் பழைய காப்பீட்டை முழுச் செலவையும் தாமே ஏற்றுத் தொடரும் ‘கோப்ரா’ என்னும் ஏற்பாடு உண்டு. பேறுகாலம் நெருங்கிய குடும்பம் இதை முதல் வாரத்திலேயே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகம்: துபாயில் 2013 ஆம் ஆண்டின் 11 ஆம் எண் சட்டப்படி மருத்துவக் காப்பீடு கட்டாயம். நிறுவனம் தன் ஊழியருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். மனைவி மக்களுக்கு எடுக்க வேண்டியவர் அவர்களுக்கு விசா எடுத்த ஆதரவாளரே, அதாவது கணவரே. நிறுவனம் எல்லாருக்கும் எடுத்திருக்கும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. அடிப்படைக் காப்பீட்டில் மகப்பேறு உண்டு எனினும், அதற்கு உச்சவரம்பும், ஒவ்வொரு முறையும் நீங்கள் கட்ட வேண்டிய பங்கும், குறிப்பிட்ட மருத்துவமனைகளின் பட்டியலும் உண்டு. அங்கே பிறக்கும் குழந்தைக்கு 120 நாளுக்குள் குடியிருப்பு விசா பெற வேண்டும். தவறினால் நாள்தோறும் அபராதம். அதற்குமுன் பிறப்புச் சான்றும் இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டும் பெற்றாக வேண்டும் என்பதால் 120 நாள் என்பது நீண்ட காலம் அன்று.

சிங்கப்பூர்: துணைவர் அனுமதி பெறப் பணியாளரின் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளியாக இருக்க வேண்டும். அவ்வனுமதியில் செல்லும் மனைவிக்கு அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குரிய மானியம் கிடையாது. நிறுவனக் காப்பீட்டில் மகப்பேறு சேர்ந்துள்ளதா என்று முன்னரே கேட்க வேண்டும், பலவற்றில் சேர்ந்திருப்பதில்லை. சேமிப்பைக் கொண்டு பிரசவம் பார்க்கும் எண்ணமாயின், பேறுகாலத் தொகுப்புக் கட்டணத்தை இரண்டு மூன்று மருத்துவமனைகளில் விசாரித்து ஒப்பிடுங்கள்.

நான்காம் பகுதி: குழந்தையின் குடியுரிமை

வெளிநாட்டில் பிறந்தால் அந்நாட்டுக் குடியுரிமை தானே வந்துவிடும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பிரிட்டனில் 1983 ஜனவரி 1 முதல், பெற்றோருள் ஒருவரேனும் அந்நாட்டுக் குடிமகனாகவோ நிலையாகக் குடியேறியவராகவோ இருந்தாலன்றிக் குழந்தைக்குக் குடியுரிமை வாராது. அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் பிறப்பிடத்தால் மட்டும் குடியுரிமை இல்லை. அமெரிக்காவில் 1868 இல் ஏற்பட்ட பதினான்காம் திருத்தத்தால் மண்ணில் பிறந்தோர் குடிமக்களாகக் கருதப்பட்டு வந்தனர். தற்காலிக விசாவில் உள்ளோரின் குழந்தைகளுக்கு அதை மறுக்கும் ஆணை ஒன்று 2025 ஜனவரி 20 அன்று பிறப்பிக்கப்பட்டு நீதிமன்ற வழக்குகளுக்கு உள்ளாயிற்று. எந்தக் குடும்பமும் குடியுரிமையை மட்டும் எண்ணிப் பயணத்தின் காலத்தை முடிவு செய்ய வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை.

இந்தியக் குடியுரிமை வேண்டுவோர், குழந்தை பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் அக்குழந்தைக்கு இல்லை என்று பெற்றோர் உறுதியளிக்க வேண்டும்.

ஐந்தாம் பகுதி: விமானப் பயணம்

சிக்கலற்ற ஒற்றைக் கர்ப்பமாயின் பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப்பின் மருத்துவரின் கடிதம் கேட்கும். 36 வாரத்தை ஒட்டி அனுமதியை நிறுத்திவிடும். இரட்டைக் கர்ப்பத்துக்கு எல்லை 32 வாரம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும் என்பதால், பயணச்சீட்டு வாங்குமுன் கேட்டறிக. திரும்பும் பயணத்துக்கும் இதே எல்லை பொருந்தும்.

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு கருவுற்றோருக்கு மிகுதி. ஓரத்து இருக்கையில் அமர்ந்து, அவ்வப்போது எழுந்து நடந்து, கணுக்காலை அசைத்து, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அழுத்தக் காலுறை அணிவது நல்லது. இருக்கைப் பட்டையை வயிற்றின் மேலன்றி அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மீது கட்டுங்கள். ஹீமோகுளோபின் 7.5 கிராமுக்குக் குறைந்தோர், இரத்தப்போக்கு உள்ளோர், இரத்த அழுத்தம் கட்டுப்படாதோர், நஞ்சு இறங்கியுள்ளது என்று கூறப்பட்டோர் மருத்துவரின் தெளிவான இசைவின்றிப் பறக்கலாகாது.

ஆறாம் பகுதி: தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதா?

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பிட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது நம் வழக்கம். அதன் பின்னுள்ள பரிவு உண்மையானது. முதற்பிள்ளை பெறும் பெண்ணுக்குத் தாயின் கைப்பக்குவமும், பச்சை உடம்புக்காரிக்கு ஓய்வும் மருந்தைப் போன்றவை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வருவோர் நான்கு செய்திகளைச் சீர்தூக்க வேண்டும்.

ஒன்று, வரும் காலம். 28 வாரத்துக்குள் வந்துவிடுவது நல்லது.

இரண்டு, விசா. அமீரகத்தில் குடியிருப்பு விசா உள்ளோர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக அது செல்லாததாகிவிடும். பிரிட்டனில் நிலைக்குடியேற்றம் நாடுவோர் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருத்தல் ஆகாது. ஏழாம் மாதம் வந்து, பிரசவித்து, குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்தபின் செல்வது என்றால் ஏறத்தாழ அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறோம்.

மூன்று, செலவு. வெளிநாட்டுக் காப்பீடு இங்கு நடக்கும் பிரசவத்தைப் பெரும்பாலும் ஏற்காது. இங்கே புதிதாக எடுக்கும் காப்பீட்டில் மகப்பேற்றுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஆகவே கையிருப்பை நம்பியே வர வேண்டும், அல்லது அரசு மருத்துவமனையை நாட வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சிக்கலான பிரசவங்களுக்கும் கட்டணமின்றி உயர்சிகிச்சை கிடைக்கிறது.

நான்கு, குழந்தையின் ஆவணங்கள். தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவின்போது ஆர்.சி.எச். எண் கேட்கப்படுகிறது; ஆகவே வந்தவுடன் வட்டாரச் செவிலியர் வழியாகப் ‘பிக்மி’ பதிவைச் செய்துகொள்ளுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்து, பெயரோடு கூடிய சான்றிதழ் பெற்று, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தந்தை வெளிநாட்டில் இருந்தால் அவரது இசைவு உறுதிமொழியை முன்கூட்டியே பெற்று வையுங்கள். அதன்பிறகு குழந்தைக்கு விசா. இவற்றுக்கெல்லாம் இரண்டு மூன்று மாதம் ஒதுக்குவது நடைமுறைக்கு ஒத்தது.

இந்நான்கையும் பார்த்தபின், இங்கே வருவது நன்று என்று முடிவு செய்வோரும் உண்டு. தாயார் அங்கே சென்று துணையிருப்பது நன்று என்று முடிவு செய்வோரும் உண்டு. முடிவில் கருவுற்ற பெண்ணின் விருப்பமே முதலிடம் பெற வேண்டும்.

ஏழாம் பகுதி: பணத்துக்கு அஞ்சித் தாமதிக்காதீர்

இப்பாடத்தில் மறவாது கொள்ள வேண்டியது இதுவே. விசா நிலுவையில் உள்ளது, காப்பீட்டு அட்டை வரவில்லை, கட்டணம் எவ்வளவு ஆகுமோ என்னும் அச்சங்களால் அபாய அறிகுறிகளோடு வீட்டில் காத்திருப்பது தாயையும் குழந்தையையும் இழக்கச் செய்யக்கூடியது. கீழ்க்கண்டவற்றுள் எது தோன்றினாலும் அப்போதே மருத்துவமனை செல்ல வேண்டும்:

இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், குழந்தையின் அசைவு குறைதல், கடுந்தலைவலியோடு கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், வலிப்பு, விடாத வயிற்றுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, அமீரகத்தில் 998, சிங்கப்பூரில் 995, ஆஸ்திரேலியாவில் 000 என்னும் எண்களில் அவசர ஊர்தியை அழைக்கலாம். அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டின் சட்டப்படி, பிரசவ வலியோடு வரும் பெண்ணைப் பணம் கட்ட இயலுமா என்று கேட்டுத் திருப்பி அனுப்ப அவசரப் பிரிவுக்கு உரிமை இல்லை. கட்டணத்தைப் பற்றிப் பின்னர் பேசலாம், தவணை கேட்கலாம், குறைக்கக் கோரலாம். ஆங்கிலம் தடையாயின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பிரிட்டன், அமெரிக்க மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துணைவர் விசாவில் செல்லும் பெண் பல செய்திகளில் கணவரைச் சார்ந்தே இருக்கிறார். பாஸ்போர்ட், விசா, காப்பீட்டு அட்டை, மருத்துவக் கோப்பு ஆகியவற்றின் படிகள் அவரிடமும் அவர் பெற்றோரிடமும் தனியே இருக்க வேண்டும். இது ஐயத்தால் செய்வதன்று. கணவர் பணியில் இருக்கும் நேரத்தில் வலி எடுத்தாலும் பயன்படும். விசாவைச் சொல்லி அச்சுறுத்துவதோ அடிப்பதோ நேர்ந்தால், பரிசோதனையின்போது மருத்துவச்சியிடமோ மருத்துவரிடமோ தனிமையில் சொல்லலாம். இந்தியத் தூதரகங்கள், தேசிய மகளிர் ஆணையத்தின் வெளிநாடுவாழ் இந்தியர் பிரிவு, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை ஆகியவையும் உதவும் இடங்கள். பிரசவத்துக்குப்பின் இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகையும் உறக்கமின்மையும் வெறுமையும் நீடித்தால் அதுவும் சிகிச்சைக்குரிய நோயே. துணையற்ற ஊரில் அதன் வாய்ப்பு மிகுதி. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுவோர் குழந்தையை மட்டுமன்றித் தாயின் மனநிலையையும் விசாரியுங்கள்.

பயிற்சி

இதைப் படித்து முடித்ததும் கணவனும் மனைவியும் சேர்ந்து கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளுக்கு ஒரு தாளில் விடை எழுதுங்கள்.

1. பிரசவத்துக்கு எதிர்பார்க்கப்படும் நாள் எது? 28 வாரமும் 36 வாரமும் நிறைவது எப்போது?
2. மனைவியின் பெயர் எந்த நாளுக்குள் காப்பீட்டில் சேர வேண்டும்? அது எந்த நாள் முதல் செல்லும்?
3. அங்கே எந்த மருத்துவமனையில் பிரசவம்? காப்பீடு போக நம் கையிலிருந்து செல்லும் தொகை எவ்வளவு?
4. குழந்தை பிறந்தபின் காப்பீடு, பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் கெடு எந்தெந்த நாள்?
5. நள்ளிரவில் இரத்தப்போக்கு ஏற்பட்டால் யாரை, எந்த எண்ணில் அழைப்போம்?

ஐந்துக்கும் விடை எழுத முடிந்தால் பயண ஏற்பாடு பெரும்பாலும் முடிந்தது எனக் கொள்ளலாம். எழுத முடியாத கேள்வியை அந்தத் தாளோடு எங்கள் மகப்பேறு புறநோயாளர் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள். மருத்துவக் கோப்பைச் சரிபார்த்து, பயணக் கடிதத்தை எழுதி, அங்குள்ள மருத்துவருக்கு உரிய குறிப்பையும் இணைத்துத் தருகிறோம். நல்ல முறையில் சென்று, நலமாகப் பெற்றெடுக்க வாழ்த்துகள்.